சிரைக்குள் வளரும் கட்டியில் கதீட்டர் பயாப்ஸி: மேசையருகே கற்றவை

கீழ்ப்பெருஞ்சிரைக்குள் (உடலின் கீழ்ப்பாதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) கட்டி இருக்கும் நோயாளிக்குக் கதீட்டர் எனும் மெல்லிய குழாய் வழியாகப் பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்கான திசு, எடுத்தாயிற்று. சில நாள் கழித்து அறிக்கை வருகிறது: "இரத்த உறைவும் ஃபைப்ரினும் மட்டுமே, கட்டித் திசு இல்லை." இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்த அறிக்கை இது. ஃப்ளூரோஸ்கோபி (ஓடும் எக்ஸ்-ரே) படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் ஃபோர்செப்ஸின் (திசுவைக் கடித்தெடுக்கும் நீள இடுக்கி) வாய் கட்டியின் மேலேயேதான் இருக்கும். ஆனால் சிரைக்குள் வளரும் கட்டியின் முகப்பில் பெரும்பாலும் உறைந்த இரத்தம் போர்வையாகப் படிந்திருக்கும். அதன் அடியில் செத்த திசு, அதற்கும் அடியில்தான் நோயியல் நிபுணருக்கு வேண்டிய உயிருள்ள திசு. ஃபோர்செப்ஸ் ஒரு கடிக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுதான் எடுக்கும். போர்வை ஐந்து மில்லிமீட்டர் தடிமன் என்றால் முதல் இரண்டு மூன்று கடி வீண்தான். எங்கே கடிப்பது, எத்தனை முறை கடிப்பது, வந்த துணுக்கை என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் மேசைக்குப் போனால் கைத்திறன் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

எடுக்கத்தான் வேண்டுமா?

சிரைக்குள் கட்டி நீண்டிருக்கிறது என்பதற்காகவே பயாப்ஸி எடுக்க வேண்டியதில்லை. சிறுநீரகப் புற்றுநோயில் நூற்றுக்கு 4 முதல் 10 பேருக்குக் கட்டி சிறுநீரகச் சிரைக்குள்ளோ கீழ்ப்பெருஞ்சிரைக்குள்ளோ நுழைகிறது. சிறுநீரகத்தில் பெரிய கட்டி தெரிகிறது, அதன் தொடர்ச்சியாகவே சிரைக்குள் போகிறது, அறுவை சிகிச்சையும் செய்யப் போகிறார்கள் என்றால் சிரைக்குள் கருவி விட்டு எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளப் போவதில்லை. முதலில் மருந்து கொடுப்பதாக இருந்தாலும் சிறுநீரகக் கட்டியிலேயே தோல் வழியாக ஊசி போடுவது எளிது, திசுவும் கூடுதலாகக் கிடைக்கும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) உள்ளவருக்கு, காண்ட்ராஸ்ட் எனும் ஒளிர்பொருள் செலுத்தி எடுக்கும் படத்தின் தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்து பிறகு மங்கும் கல்லீரல் கட்டி இருந்து, அதிலிருந்து சிரைக்குள்ளும் அதே மாதிரி ஒளிரும் பகுதி நீண்டிருந்தால் படமே பெரும்பாலும் போதும்.

சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் பக்கத்திலிருந்து சிரைக்குள் வரும் கட்டி என்றால் ஒரு கட்டாயம் உண்டு. பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உண்டாவது) அல்லது 24 மணி நேரச் சிறுநீர் மெட்டாநெஃப்ரின் முடிவு கையில் இல்லாமல் அந்தக் கட்டியைத் தொடக்கூடாது. அந்த ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டிகளான ஃபியோகுரோமோசைட்டோமாவும் பாராகாங்கிலியோமாவும் சிரைக்குள் வளரக்கூடியவை. அவற்றைக் கடித்து இழுத்தால் கேட்டகோலமின்கள் எனும் அந்த ஹார்மோன்கள் நேராக இரத்தத்தில் கொட்டும். மேசையிலேயே இரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகும். அட்ரினல் புறணிப் புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்து, முழுதாக எடுத்துவிடக்கூடிய நிலையில் இருந்தால், பயாப்ஸியைத் தவிர்ப்பதே வழக்கம். வயதில் இளைய ஆணுக்கு வயிற்றின் பின்புறம் கட்டி இருந்து அது சிரைக்குள் நுழைந்திருந்தால் விரைப் பரிசோதனையும் ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி என்ற இரத்தக் குறியீடுகளின் அளவும் முதலில் வேண்டும். பலசமயம் அதிலேயே விடை இருக்கும்.

பயாப்ஸி உண்மையிலேயே வழியை மாற்றுவது வேறு சிலருக்கு. சிரைச் சுவரிலிருந்தே பிறக்கும் லியோமயோசார்கோமா (மென்தசைப் புற்று) அதில் முதன்மையானது. 1871-இல் பெர்ல் என்பவர் விவரித்த நோய் இது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. கீழ்ப்பெருஞ்சிரையின் நடுப்பகுதியில், அதாவது சிறுநீரகச் சிரைகளுக்கும் கல்லீரல் சிரைகளுக்கும் இடைப்பட்ட இடத்தில் அதிகம் காண்கிறோம். அறுவைக்கு முன் கீமோவோ கதிர்வீச்சோ தரலாமா என்று முடிவெடுக்கத் திசு வேண்டும். கருப்பை நார்க்கட்டிக்கு எப்போதோ சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு இடுப்புச் சிரையிலிருந்தோ சூலகச் சிரையிலிருந்தோ கிளம்பி இதயம் வரை போயிருக்கும் லியோமயோமடோசிஸ் (தீங்கற்ற மென்தசை வளர்ச்சி) இன்னொன்று. இதயத்தின் வலது மேலறையை நிரப்பும் லிம்ஃபோமா (நிணநீர் அணுப் புற்று) மூன்றாவது. இதில் திசு கிடைத்தால் அறுவையே வேண்டாமல் போகும். ஆனால் பயாப்ஸிக்கு முன் யாராவது ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால் திசு செத்துப்போய் அறிக்கை தெளிவில்லாமல் வரும். அதைத் தடுப்பது வார்டு மருத்துவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். நுரையீரல் அடைப்பு என்று சொல்லி மாதக்கணக்கில் உறைவு எதிர்ப்பு மருந்து கொடுத்தும் கரையாத, ஒரு பக்கத்துப் பிரதான நுரையீரல் தமனியை வீங்க வைத்திருக்கும் அடைப்பு நான்காவது. அங்கே இன்டிமல் சார்கோமாவை (குழாயின் உள்படலத்தில் பிறக்கும் புற்று) நினைக்க வேண்டும். அது வளரும் இடம் சிரை அல்ல, தமனிதான். ஆனால் போகும் பாதையும் கருவியும் ஏறக்குறைய இதேதான்.

உள்ளிருந்து ஏன் போகிறோம்?

முதுகு வழியாகவோ வயிறு வழியாகவோ ஊசி போட்டால் குடல், சிறுநீரகம், மகாதமனி எல்லாம் வழியில் இருக்கின்றன. சிரையைத் துளைத்தால் இரத்தம் பின்வயிற்றில் போய்ச் சேரும். சிரைக்குள்ளிருந்தே எடுத்தால் கட்டியிலிருந்து கசியும் இரத்தம் இரத்த ஓட்டத்துக்கே திரும்பிப் போகிறது. ஊசிப் பாதையில் புற்றணுக்கள் விதைபோல் தங்குமோ என்ற கவலையும் குறைவு. இதுதான் இதன் பலம்.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். சார்கோமா பயாப்ஸிக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 14 முதல் 16 கேஜ் (எண் கூடக் கூட ஊசி மெல்லியது) ஊசியால் பல துண்டுகள் எடுக்கச் சொல்கின்றன. ஃபோர்செப்ஸ் தரும் துணுக்கு அதற்கு அருகில்கூட வராது. எனவே கட்டியின் பெரும்பகுதி சிரைக்கு வெளியே வளர்ந்திருந்து, பாதுகாப்பான ஊசிப் பாதையும் இருந்தால், தோல் வழி ஊசியையே தேர்ந்தெடுக்கலாம். கதீட்டர் வழி, உள்ளே மட்டும் இருக்கும் கட்டிக்கு. அல்லது வெளியிலிருந்து போக வழியே இல்லாத இடத்துக்கு.

சிடி படத்தை எப்படிப் படிப்பது

வேலையின் பாதி இங்கேதான். முதலில் அது கட்டிதானா, வெறும் உறைவா, படக்கோளாறா என்று பார்க்க வேண்டும். காண்ட்ராஸ்ட் செலுத்திய முதல் ஒரு நிமிடத்தில் சிறுநீரகச் சிரைகளிலிருந்து ஒளிர்ந்த இரத்தமும் கால்களிலிருந்து ஒளிராத இரத்தமும் கலக்கும் இடத்தில், கட்டி போலவே ஒரு நிழல் தெரியும். தாமதக் கட்டப் படத்தில் அது மறைந்துவிடும். தாமதப் படம் இல்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். இல்லாத கட்டிக்குக் கதீட்டர் விடுவது சங்கடமான விஷயம். உண்மையான கட்டி காண்ட்ராஸ்ட்டில் ஒளிரும், சிரையை விரிக்கும், டாப்ளரில் அதற்குள்ளேயே தமனி ஓட்டம் கேட்கும். பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் திசுவைக் காட்டும் படம்) மினுங்கும்.

அடுத்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்கிறோம். கட்டி சுவரில் எங்கே ஒட்டியிருக்கிறது. எந்தப் பகுதி நன்றாக ஒளிர்கிறது. எந்த முனை இரத்தத்தில் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. சிரை முழுக்க அடைபட்டிருக்கிறதா. ஒளிரும் பகுதிதான் இலக்கு. பெட் இருந்தால் அதில் அதிகம் மினுங்கும் இடத்தை சிடியில் முதுகெலும்பு மட்டத்தோடு பொருத்தி எழுதிக்கொள்ள வேண்டும்: "எல்1 உடலின் மேல் விளிம்பு, வலது பின்புறம்" என்பதுபோல (எல்1 என்பது முதல் இடுப்பு முள்ளெலும்பு). மேசையில் ஃப்ளூரோவில் தெரியப்போவது எலும்பு மட்டும்தான்.

கட்டிக்குக் கீழே தேங்கிய இரத்தம் உறைந்து தொடைவரை இறங்கியிருப்பது சாதாரணம். அந்தப் படத்தைப் பார்க்காமல் வழக்கம்போலத் தொடைச் சிரையில் நுழைந்தால், உறைவைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். கிடைப்பதும் உறைவாகத்தான் இருக்கும்.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) கட்டாயம். வலது மேலறையில் கட்டி முனை இருக்கிறதா, ட்ரைகஸ்பிட் வால்வைத் தாண்டி விழுகிறதா, இரு மேலறைகளுக்கிடையே ஃபோரமென் ஓவலே எனும் பிறவித் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியால் வலது பக்க அழுத்தம் உயர்ந்திருந்தால் சிறு துளைகூட வலமிருந்து இடமாகத் திறக்கும். உடையும் துணுக்கு நுரையீரலில் நின்றால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம், மூளைக்குப் போனால் அப்படி இல்லை.

இரத்தப் பரிசோதனையில் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் விகிதம்) 1.5-க்குள், தட்டணு 50,000-க்கு மேல் என்பது வசதியான எல்லை. சிரை வழி செலுத்தும் உறைவு எதிர்ப்பு மருந்தான ஹெப்பாரினை 4 முதல் 6 மணி நேரம் முன்பும், சிகிச்சை அளவில் போடும் குறை மூலக்கூறு ஹெப்பாரினை 24 மணி நேரம் முன்பும் நிறுத்துவது வழக்கம். அபிக்ஸபான் போன்ற உறைவு எதிர்ப்பு மாத்திரைகளுக்குச் சிறுநீரகம் சரியாக இருந்தால் 48 மணி நேரம். கூடவே பெரிய உறைவும் இருப்பவருக்கு இந்த இடைவெளியை நீட்டக்கூடாது. காலை முதல் கேஸாக அவரை வைத்துக்கொள்வது நல்லது.

கழுத்தா, தொடையா?

வலது கழுத்துச் சிரையிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரைக்கு ஏறக்குறைய நேர்கோடு. சிறுநீரகச் சிரை மட்டத்துக் கட்டிகளுக்கும், கீழே உறைவு நிரம்பியவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு. ஆனால் கட்டி முனை வலது மேலறையில் ஆடிக்கொண்டிருந்தால், மேலிருந்து வரும் வயரும் ஷீத்தும் (கருவிகளை உள்ளே விடும் நுழைவுக் குழாய்) அந்த முனையில்தான் முதலில் மோதும். கீழ்ச்சிரை திறந்திருந்தால் அப்போது தொடை வழியே வந்து கட்டியின் உடலைப் பக்கவாட்டில் தொடுவது பாதுகாப்பு. மேற்பெருஞ்சிரைக் கட்டிக்கும் தொடையிலிருந்து வருவதே பெரும்பாலும் வசதி.

அல்ட்ராசவுண்ட் பார்த்து 21 கேஜ் ஊசி, 0.018 அங்குல வயர், பிறகு 0.035 அங்குல ஜே முனை வயர். வழுக்கும் வயரை எதிர்ப்பு தட்டியும் தள்ளிக்கொண்டே போகக்கூடாது. அது கட்டிக்குள் சுரங்கம் தோண்டிவிட்டுச் சிரைக்குள் இருப்பதுபோலவே படத்தில் தெரியும்.

அளவு விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்க்கிறோம். ஒரு ஃப்ரெஞ்சு என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஷீத்தின் மேல் எழுதியிருக்கும் எண் அதன் உள் விட்டத்துக்கு; கைடிங் கதீட்டரின் மேல் இருக்கும் எண் அதன் வெளி விட்டத்துக்கு. 7 ஃப்ரெஞ்சு ஃபோர்செப்ஸ் 7 ஃப்ரெஞ்சு ஷீத்தில் போகும், ஆனால் 8 ஃப்ரெஞ்சு கைடிங் கதீட்டரில் போகாமல் நிற்கலாம். நீளமும் அப்படித்தான். கழுத்து வழி வேலைக்கான இதயத் தசை பயாப்ஸி ஃபோர்செப்ஸ் சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும். அதை 45 சென்டிமீட்டர் ஷீத்தில் விட்டால் வால்வும் பின்முனை ஹப்பும் தின்றதுபோக வெளியே நீளுவது மிகக் கொஞ்சம். சில சமயம் வாயே வெளியே வந்து திறக்காது. நோயாளிக்குள் விடும் முன் இரண்டையும் மேசைத் துணியில் ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பார்த்துவிடுங்கள். தொடை வழிக்கு நூறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீள வகை உண்டு.

எங்கள் விருப்பம் 8 அல்லது 9 ஃப்ரெஞ்சு நீள ஷீத், உள்ளே முனை வளைந்த கைடிங் கதீட்டர், அதற்குள் 5.5 ஃப்ரெஞ்சு ஃபோர்செப்ஸ். ஃபோர்செப்ஸ் தானாகத் திரும்பாது. திருப்புவது கைடிங் கதீட்டரின் வேலை. நேர் ஷீத்தில் மட்டும் விட்டால் ஓட்டம் எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் கடிக்கும்.

மேசையில்

முனை சுருண்ட பிக்டெயில் கதீட்டரால் எடுக்கும் சிரைப் படத்துக்கு வழக்கமான அளவு விநாடிக்கு 15 மில்லி, மொத்தம் 30 மில்லி. சிரை ஏறக்குறைய அடைபட்டிருந்தால் பம்பை விட்டுவிட்டுக் கையால் 10 மில்லி மெல்லச் செலுத்துவதே நல்லது. கட்டியின் முகத்தில் வேகமாகப் பாய்ச்சினால் அது உடையும். சிறுநீரகம் சரியில்லாதவருக்குக் கார்பன் டை ஆக்சைடு போதும். குறைந்தது இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டும், நேர்ப்படம் மட்டும் பார்த்தால் முன்சுவர்க் கட்டியும் பின்சுவர்க் கட்டியும் ஒன்றாகவே தெரியும். சிரைக்குள் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கதீட்டர் கிடைத்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். உறைவுப் போர்வைக்கும் கட்டிக்கும் உள்ள வித்தியாசமும், கட்டி சுவரோடு ஒட்டும் இடமும் ஃப்ளூரோவில் ஒருபோதும் தெரியாது. வலது மேலறையில் வேலை என்றால் உணவுக்குழாய் வழி எக்கோவோ இதயத்துக்குள் வைக்கும் எக்கோவோ இல்லாமல் தொடங்கக்கூடாது.

மயக்கம் லேசாகவே இருக்கட்டும், நோயாளி பேசும் நிலை வேண்டும். கட்டித் திசுவைக் கடிக்கும்போது பெரும்பாலும் அவருக்கு எதுவும் தெரியாது. சிரைச் சுவரைப் பிடித்து இழுத்தால் முதுகிலோ விலாவிலோ சட்டென்று வலிக்கிறது என்பார். அந்த எச்சரிக்கையை மருந்தால் அமுக்கிவிடக்கூடாது.

ஷீத் முனையைக் கட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். ஃபோர்செப்ஸ் கைடிங் கதீட்டரை விட்டு முழுதாக வெளியே வந்தபின் வாயைத் திறங்கள்; பாதி உள்ளே இருக்கும்போது திறக்க முயன்றால் கீல் வளைந்து, பிறகு சரியாக மூடாது. திறந்த வாயோடு மெல்ல முன்னே தள்ளும்போது கட்டியில் தொட்டதும் கையில் ஒரு மெத்தென்ற தடை தெரியும், ஃபோர்செப்ஸின் தண்டு லேசாக வளையும். அங்கே நிறுத்தி மூடுங்கள். அழுத்தித் தள்ளிவிட்டு மூடுவது சுவரைத் துளைக்கும் வழி. மூடியபின் மெல்ல இழுத்தால் கட்டி கொஞ்சம் கூடவே வரும், பிறகு பட்டென்று விடும். கட்டியோடு சேர்ந்து சிரையின் ஓரமே கூடாரம்போல் எழும்பினால், அல்லது நோயாளி வலி என்றால், இழுக்காதீர்கள்; வாயைத் திறந்து விட்டுவிட்டு வேறு இடம் போங்கள்.

முதல் இரண்டு துணுக்குகளை "மேற்பரப்பு" என்று எழுதிய தனிக் குப்பியில் போடுகிறோம். பிறகு அதே குழியிலேயே ஃபோர்செப்ஸை மீண்டும் மீண்டும் விட்டு ஆழமாகப் போகிறோம். ஒவ்வொரு கடிக்கும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் கட்டி முழுவதும் போர்வையைச் சுரண்டி எடுப்பதோடு நின்றுவிடும். இரண்டு குழிகளிலிருந்து மொத்தம் ஆறிலிருந்து எட்டு நல்ல துணுக்கு என்பது நியாயமான இலக்கு.

ஃபோர்செப்ஸ் வெளியே வரும்போது ஷீத்தின் வால்வு ரப்பர் துணுக்கை வழித்து உள்ளேயே விட்டுவிடும். வாய் காலியாக வருகிறது என்று குழம்பி, அப்படியே சலைனைப் பாய்ச்சினால் துணுக்கும் உறைவும் நேராக நுரையீரலுக்குப் போகும். எனவே ஒவ்வொரு கடிக்குப் பிறகும் முதலில் பக்கக் குழாயிலிருந்து 10 மில்லி உறிஞ்ச வேண்டும், அதை ஒரு வலைத் துணியில் ஊற்றிப் பார்க்க வேண்டும், அதன்பிறகே சலைன் விட வேண்டும். தொலைந்துபோனதாக நினைத்த துணுக்குகளில் பல அந்தத் துணியில்தான் கிடைக்கின்றன.

ஃபோர்செப்ஸ் மாற்றி மாற்றி உறைவையே கொண்டுவந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, உறிஞ்சுதல். 8 ஃப்ரெஞ்சு கைடிங் கதீட்டர் முனையைக் கட்டியில் ஒட்டி, 50 மில்லி பூட்டு சிரிஞ்சால் வெற்றிடம் கொடுக்கிறோம். இரத்தம் தாராளமாக வந்தால் முனை கட்டியில் இல்லை. எதுவுமே வராமல் சிரிஞ்சு நின்றால் முனையில் திசு அடைத்திருக்கிறது. வெற்றிடத்தை விடாமல் கதீட்டர் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். மற்றது, கல்லீரலுக்குக் கழுத்து வழி பயாப்ஸி எடுக்கும் செட். வளைந்த 14 கேஜ் உலோகக் குழலுக்குள் 18 அல்லது 19 கேஜ் பக்கவெட்டு ஊசி. இதில் வரும் துண்டு நீளமானது, நசுங்காதது. நோயியல் நிபுணர் இதைத்தான் விரும்புவார். ஆனால் ஊசி பாயும் தூரம் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல். எனவே கட்டி சிரையின் நீளவாக்கில் முன்னால் குறைந்தது மூன்று சென்டிமீட்டராவது இருக்கிறது என்று இரண்டு கோணத்திலோ மேசையிலேயே எடுக்கும் கோன்பீம் சிடியிலோ உறுதி செய்தபின்தான் சுட வேண்டும். குழலின் வளைவு எந்தப் பக்கம் என்று ஹப்பில் உள்ள அம்புக்குறி காட்டும். அது சிரைக்கு இணையாக, கட்டியின் உடலுக்குள் போகும்படி இருக்கட்டும். வலது மேலறையில் இந்த ஊசியை நாங்கள் பயன்படுத்துவதில்லை.

22 ஃப்ரெஞ்சு குழாயும் வெளிச்சுற்று பம்பும் வைத்து உறைவை உறிஞ்சும் கருவிகளும் உண்டு. பெரிய திசு கிடைக்கும். ஆனால் பயாப்ஸிக்காக மட்டும் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படுவது அரிது.

என்னென்ன தவறும்

சிரை அழுத்தம் குறைவு என்பதால் சிறு கிழிசல் தானாகவே அடைபடும் என்று சொல்வார்கள். அது திறந்த சிரைக்குப் பொருந்தும். கட்டி மேலே அடைத்திருக்கும்போது அதற்குக் கீழே உள்ள சிரையில் அழுத்தம் உயர்ந்திருக்கும். அங்கே கிழிந்தால் நிற்காது. தொடையில் ஷீத் எடுத்த இடமும் அதே காரணத்தால் வழக்கத்தைவிட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். சிரையின் அளவுக்கு ஏற்ற அடைப்பு பலூனைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கடிக்குப் பிறகு ஒரு சிரைப் படம் எடுத்துக் காண்ட்ராஸ்ட் வெளியே போகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஷீத்தை எடுக்க வேண்டும்.

மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பாதியும், கீழ்ப்பெருஞ்சிரையின் உச்சியும், வலது மேலறையும் இதய உறைக்குள் இருக்கின்றன. அங்கே துளை விழுந்தால் கொஞ்சம் இரத்தமே இதயத்தை அழுத்திவிடும். நாடித்துடிப்பு ஏறி, அழுத்தம் இறங்கினால் விவாதிக்காமல் எக்கோ புரோபை நெஞ்சில் வையுங்கள். உறையில் ஊசி போடும் செட் அறையிலேயே இருக்க வேண்டும், அடுத்த மாடியில் அல்ல.

துணுக்கு நுரையீரலுக்குப் போவது மிகச் சிறிய அளவில் ஒவ்வொரு முறையும் நடக்கக்கூடும். பெரும்பாலும் அறிகுறி இருக்காது. ஆக்சிஜன் அளவு திடீரென்று விழுந்தால்தான் கவலை. காற்று நுழைவது வேறு விஷயம்: கழுத்து ஷீத்தின் வால்வு திறந்திருக்கையில் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுத்தாலே போதும். தலைப்பக்கம் தாழ்ந்திருக்கட்டும், கருவி மாற்றும் நேரத்தில் மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடந்துவிட்டால் இடப்பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, முழு ஆக்சிஜன் கொடுத்து, கதீட்டரால் காற்றை உறிஞ்சப் பாருங்கள்.

நுரையீரல் தமனிக்குப் போகும்போது கதீட்டர் வலது கீழறையில் உரசி வலது கற்றைத் தடையை (மின்துடிப்பைக் கடத்தும் வலக் கிளை நின்றுபோவது) உண்டாக்கலாம். ஏற்கெனவே இடது கற்றைத் தடை இருப்பவருக்கு அது முழு இதயத் தடையாகிவிடும். ஈசிஜியை முன்னாலேயே பார்த்து, பேஸிங் (மின்சாரத்தால் இதயத்தைத் துடிக்க வைக்கும்) வசதியோடு தொடங்குங்கள்.

துணுக்கைக் கையாள்வது

சலைன் ஊற்றிய சிறு கிண்ணத்தில் துணுக்கை விட்டுப் பாருங்கள். கருஞ்சிவப்பாக, ஊசி முனையால் தொட்டாலே உதிர்ந்து கரைந்தால் உறைவு. வெளிறிய சாம்பல் நிறம், ஊசியால் அழுத்தினால் நழுவும், உடையாது என்றால் பெரும்பாலும் கட்டி. மஞ்சளாக மிதந்தால் அது கொழுப்பு. சிரைக்குள்ளிருந்து கொழுப்பு வர வழியில்லை, சுவரைத் தாண்டி எடுத்துவிட்டீர்கள்; அடுத்த கடியை நிறுத்திவிட்டுக் காண்ட்ராஸ்ட் படம் எடுங்கள். லிபோமா போன்ற கொழுப்புக் கட்டிகள் விதிவிலக்கு. ஆனால் அதை சிடியே முன்கூட்டிச் சொல்லியிருக்கும்.

ஃபோர்செப்ஸ் வாயை ஃபார்மலின் குப்பிக்குள் முக்கி ஆட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதே ஃபோர்செப்ஸ் அடுத்த நிமிடம் இரத்தக் குழாய்க்குள் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். மெல்லிய ஊசியால் துணுக்கை எடுத்துச் சலைனில் விட்டு, உதவியாளர் வேறு கருவியால் ஃபார்மலினுக்கு மாற்றட்டும். பல் வைத்த இடுக்கி வேண்டாம், ஏற்கெனவே ஃபோர்செப்ஸ் நசுக்கியது போதும். உலர்ந்த பஞ்சில் வைத்தால் சில நிமிடங்களிலேயே காய்ந்து உருத்தெரியாமல் போகும்.

அறையிலேயே பார்க்க சைட்டாலஜி (உயிரணு ஆய்வு) ஆள் கிடைத்தால் ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்து, விரைவுச் சாயம் போட்டு, புற்றணு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். எத்தனை கடி போதும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. லிம்ஃபோமா என்ற சந்தேகம் இருந்தால் ஒன்றிரண்டு துணுக்குகளை ஃபார்மலினில் போடாமல் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கென்று (உயிரணுக்களை வகை பிரிக்கும் சோதனை) தனியாக, பரிசோதனைக்கூடம் சொல்லும் திரவத்தில் அனுப்ப வேண்டும். மற்றவை திசுவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத 10 சதவீத ஃபார்மலினில். இவ்வளவு சின்னத் துணுக்குகள் திசு பதப்படுத்தும் இயந்திரத்தில் தொலைந்துவிடும் என்பதால் வடிதாளில் சுற்றி வைக்கும்படி எழுதுங்கள். வலைத்துணியில் சேர்ந்த உறைவையும் தூக்கி எறியாமல் தனிக் குப்பியில் அனுப்புங்கள். அதற்குள் கட்டித் துகள் இருப்பதுண்டு.

விண்ணப்பத்தில் "கீழ்ப்பெருஞ்சிரைக் கட்டி" என்று மட்டும் எழுதினால் நோயியல் நிபுணர் என்ன செய்வார்? இருப்பதோ சில மில்லிமீட்டர் திசு. எந்தச் சாயத்தை முதலில் போடுவது என்று அவர் தேர்ந்தெடுக்க, உங்கள் சந்தேகத்தை வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். லியோமயோசார்கோமா என்றால் ஸ்மூத் மசில் ஆக்டின், டெஸ்மின், கால்டெஸ்மான். சிறுநீரகம் என்றால் பாக்ஸ் 8. கல்லீரல் என்றால் ஆர்ஜினேஸ் 1. அட்ரினல் புறணி என்றால் எஸ்எஃப் 1, இன்ஹிபின். ஆஞ்சியோசார்கோமா (இரத்தக் குழாய் உயிரணுப் புற்று) என்றால் சிடி31, ஈஆர்ஜி. இன்டிமல் சார்கோமாவில் எம்டிஎம்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருப்பை நார்க்கட்டி வரலாறு, அறுவை நடந்த ஆண்டு, பழைய தகடுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் எழுதுங்கள்.

அறிக்கை வந்தபின்

நோயாளியைத் தொடை வழி என்றால் சில மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வைத்தும், கழுத்து வழி என்றால் தலையை உயர்த்தியும் கவனிக்கிறோம். மேலறையில் வேலை செய்திருந்தால் வார்டுக்கு அனுப்பும் முன் மீண்டும் ஒரு எக்கோ. ஹெப்பாரினை 6 முதல் 12 மணி நேரத்துக்குள், தொடக்கத்தில் ஒரேயடியாகக் கொடுக்கும் போலஸ் இல்லாமல் ஆரம்பிப்பது எங்கள் வழக்கம்.

அறிக்கையை வாசிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புற்று இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். தரநிலையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. உயிரணுக்களின் முதிர்ச்சியும் உயிரணுப் பிரிவுகளின் எண்ணிக்கையும் நசிவின் பரப்பும் வைத்துத்தான் சார்கோமாவின் தரத்தைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் துணுக்கில் அது குறைவாகவே தெரியும். "மென்தசைக் கட்டி, தீங்கற்றது போல் உள்ளது" என்ற வரி இன்னும் சிக்கலானது. லியோமயோமடோசிஸும் நன்கு முதிர்ந்த லியோமயோசார்கோமாவும் ஒரே சாயங்களை ஏற்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருப்பது முதலாவதின் பக்கம் சாய்க்கும், முடித்து வைக்காது. இதைப் படத்தோடும் வரலாற்றோடும் சேர்த்து சார்கோமா குழுவில்தான் முடிவு செய்ய வேண்டும்.

உறைவு மட்டுமே என்று வந்தால் அதைப் "புற்று இல்லை" என்று மொழிபெயர்க்காதீர்கள். கட்டி ஒளிர்ந்திருந்தால், பெட்டில் மினுங்கியிருந்தால், அந்த அறிக்கைக்குப் பொருள் "ஊசி சேரவில்லை" என்பதுதான். மேற்பரப்பு, ஆழம் என்று தனித்தனியாகக் குப்பியில் போட்டது இப்போது உதவும். ஆழக் குப்பியிலும் உறைவுதான் என்றால் அதே கருவியோடு அதே இடத்துக்குத் திரும்பப் போவதில் அர்த்தமில்லை. உறிஞ்சுதலுக்கோ பக்கவெட்டு ஊசிக்கோ மாறுங்கள், அல்லது எதிர்ப்பக்கத்துச் சிரையிலிருந்து வாருங்கள். ஆழக் குப்பியில் செத்த திசு மட்டும் இருந்தால் கருவி சரி, இடம்தான் தவறு: பெட்டில் அதிகம் மினுங்கும் ஓரத்துக்கு நகர்ந்து மீண்டும் எடுக்கலாம். இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை, கட்டியோ அறுத்து எடுக்கக்கூடியது என்றால், மூன்றாவது பயாப்ஸிக்கு நாள் குறிக்காமல் அறுவை மருத்துவரிடம் கொடுத்துவிடுவதே நோயாளிக்கு நல்லது.